ஐடா வெல்ஸ் அம்மையார்

கொடியவனை அடையாளம் காண்பது எளிது. கையில் கயிறும் தீவட்டியும் ஏந்தி வருகிறவனைக் குழந்தையும் அறிந்துகொள்ளும். ஆனால் நியாயஸ்தலத்திலும், பள்ளிக்கூட நிர்வாக சபையிலும், ரயில்வே கம்பெனியிலும் நாள்தோறும் ஓசையின்றி நடந்துவரும் அநீதியைக் காண்பது அத்துணை எளிதன்று. அதனால் நன்மை அடைகிறவனுக்கோ அது கண்ணில் படுவதேயில்லை. அவன் நல்லவனாக இருக்கலாம். தர்ம காரியங்களுக்குப் பொருளை வாரி வழங்குகிறவனாகவும் இருக்கலாம். அந்த ஏற்பாட்டினுள்ளேயே பிறந்து வளர்ந்தவனாதலால், அதுவே உலக இயற்கை என்று அவன் எண்ணிக்கொள்ளுகிறான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெள்ளையரிடையே வேரூன்றியிருந்த இந்தக் குருட்டுத் தன்மையோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு கறுப்பு ஸ்திரீயின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

ஐடா வெல்ஸ் 1862ஆம் வருஷம் ஜூலை மாதம் 16ஆம் தேதி, மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகள். ஆகவே பிறந்த குழந்தையும் அடிமையே. தந்தை ஜேம்ஸ் தச்சர். தாய் எலிஸபெத் சமையற்காரி. ஜேம்ஸைப் பெற்ற வெள்ளைத் தகப்பனே அவருக்கு எஜமானனாகவும் இருந்தான். அந்நாட்டு அடிமை முறையின் அந்தரங்கம் முழுவதும் இந்த ஒரு குடும்பத்திலேயே அடங்கியிருந்தது. உள்நாட்டு யுத்தம் முடிந்து 1865இல் விடுதலை வந்தது. ஜேம்ஸ் தம் மனச்சாட்சிப்படி வாக்களித்துவிட்டு வேலைக்குத் திரும்பியபோது, முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டிருந்தான். அவர் ஒருவரிடமும் முறையிடவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாகத் தச்சுக் கருவிகள் வாங்கினார்; எதிரே வேறொரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தை அங்கே மாற்றினார். மகளுக்கு வாய்த்த பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நாம் தேட வேண்டியதில்லை.

1878இல் மஞ்சட் காய்ச்சல் அவ்வூரைச் சூறையாடியது. தாயும் தந்தையும், கடைக்குட்டித் தம்பியும் மாண்டனர். ஐடாவுக்கு அப்பொழுது வயது 16. எஞ்சிய குழந்தைகளை ஆளுக்கொருவராகப் பங்கிட்டு வளர்க்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். தாம் உயிரோடு இருக்கும்வரை அது நடவாது என்று அந்தப் பெண் கூறிவிட்டாள். பாவாடையின் ஓரத்தை இறக்கித் தைத்து, வயது மிகுந்தவள்போலத் தோன்றிக் கிராமப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி வேலை பெற்றாள். கோவேறு கழுதையின்மேல் ஏறிப் பல மைல் போய்வந்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். பின்னர் டென்னஸீ ராஜ்யத்திலுள்ள மெம்பிஸ் நகரத்தின் பக்கம் குடியேறினாள்.

அங்கேதான் ரயில் வழக்கு நேர்ந்தது. ஐடா 21 வயது உபாத்தியாயினி. கையில் முதல் வகுப்பு டிக்கெட்டு. வழக்கம்போல் ஸ்திரீகளுக்குரிய வண்டியில் அமர்ந்திருந்தார். கண்டக்டர் வந்து, முன்னாலுள்ள புகைபிடிப்போர் வண்டிக்குப் போகும்படி கட்டளையிட்டான். அவர் மறுத்தார். கண்டக்டர் கையைப் பற்றி இழுத்தான்; அவர் அவன் கையைக் கடித்துவிட்டார். பிறகு அவன் துணைக்கு ஆட்களை அழைத்து வந்து, அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றினான். இக் காட்சியைக் கண்ட வெள்ளைச் சீமான்களும் சீமாட்டிகளும் கைதட்டினார்கள். அவர்கள் போக்கிரிகள் அல்லர். தத்தம் வீட்டில் மரியாதையாக வாழ்ந்த குடும்பத்தார்களே. சில ஆண்டுகள் கழித்து, 1893இல், தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ஒரு வாலிப பாரிஸ்டருக்கும் இதே முதல் வகுப்பு டிக்கெட்டினால் என்ன நேர்ந்தது என்பதை நம்மவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

ஐடா கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தார். 1884 டிசம்பரில் கீழ்க் கோர்ட்டார் அவருக்கு 500 டாலர் நஷ்டஈடு விதித்தனர். கம்பெனி மேல் முறையீடு செய்தது. 1887இல் டென்னஸீயின் உச்ச நியாயஸ்தலம் அத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. தள்ளியதற்குக் கூறிய காரணத்தைத்தான் நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரண்டு வண்டிகளும் சமமானவையே என்று நீதிபதிகள் கண்டனர். ஆகவே அந்த மாது விரும்பியது வசதியான ஆசனமன்று. கம்பெனிக்குத் தொந்தரவு கொடுத்து வழக்காடுவதே அவருடைய கருத்து என்று முடிவு செய்தனர். புகையும் எச்சிலும் நிறைந்த வண்டிக்கும், மெத்தையிட்ட வண்டிக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த வண்டிக்குப் போகும்படி அவர்களை ஒருவரும் எந்நாளும் சொன்னதில்லை. பிறகு எப்படித் தெரியும்? கேட்டவருடைய எண்ணத்தில்தான் குற்றம் கண்டார்கள். கோர்ட்டுச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது.

இந்த அனுபவத்தை எழுதப் போய்த்தான் ஐடா பத்திரிகையாளரானார். 1889இல் மெம்பிஸில் நடந்துவந்த ஃப்ரீ ஸ்பீச் என்னும் பத்திரிகையில் பங்கு வாங்கி அதன் ஆசிரியருமானார். பகலில் பள்ளிக்கூட வேலையும் இருந்தது. கறுப்புக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிக்கூடங்களின் இழிவான கட்டிடங்களைப் பற்றியும், அங்கே நியமிக்கப்பட்ட சில உபாத்தியாயர்களின் தகுதிக் குறைவைப் பற்றியும் 1891இல் தம் பத்திரிகையில் எழுதினார். கல்விச் சபையார் கட்டிடங்களைச் செப்பனிட முற்படவில்லை. மறு வருஷத்துக்கு அவருக்கு வேலையில்லை என்று கூறிவிட்டார்கள்.

இனி 1892ஆம் வருஷத்து வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மெம்பிஸ் நகரத்தின் எல்லையில் கறுப்பர் சிலர் கூட்டாகச் சேர்ந்து மக்கள் மளிகை என்ற பெயரில் ஒரு கடை நடத்திவந்தனர். அதன் தலைவர் தாமஸ் மாஸ் என்பவர் தபால்காரர். ஐடாவின் அருமை நண்பர். அவருடைய பெண் குழந்தைக்கு ஐடாவே ஞானத்தாய். அதே வட்டாரத்தில் வெள்ளையர் ஒருவருடைய மளிகைக் கடையும் இருந்தது. புதுக் கடை வந்தபின் அவருடைய வியாபாரம் குன்றியது. சிறுவர்கள் கோலி விளையாட்டில் போட்ட சண்டை பெரியவர்களின் சண்டையாக மூண்டது. இரவில் ஆயுதங்களோடு கடைக்கு வந்தவர்களைக் கடையைக் காத்தவர்கள் சுட்டார்கள்; வந்தவர்களில் சிலர் காயமடைந்தார்கள். மாஸும் அவர் கூட்டாளிகள் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். மார்ச்சு 9ஆம் தேதி விடியுமுன் ஒரு கும்பல் சிறையிலிருந்து மூவரையும் இழுத்துக்கொண்டு போய், ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது. விசாரணையின்றிக் கும்பல் கூடிக் கொல்லும் இவ்வழக்கத்துக்கு அந்நாட்டில் லிஞ்சிங் என்று பெயர். கொன்றவர்களில் ஒருவராவது தண்டிக்கப்படவில்லை.

ஐடா தம் பத்திரிகையில் ஜனங்களுக்கு ஒரே ஒரு யோசனை கூறினார்: நம் உயிரையும் உடைமையையும் காவாத இந்த ஊரை விட்டுப் போய்விடுவோம் என்பதே அது. ஆயிரக்கணக்கானவர் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டனர். இருந்தவர்கள் டிராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரர் கிடைக்கவில்லை. கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது.

அப்பொழுது நடந்த ஒரு சம்பவத்தை அம்மையார் தம் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். டிராம் கம்பெனியின் மேலதிகாரிகள் இருவர் ஃப்ரீ ஸ்பீச் காரியாலயத்துக்கு வந்தார்கள். கறுப்பு ஜனங்கள் வண்டியில் ஏறுவதேயில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று தயவாக வேண்டினார்கள். அவர்கள் ஏறாமலிருப்பதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று ஐடா கேட்டார். வண்டிகள் புதிதாக மின்சாரத்தால் ஓடத் தொடங்கியிருந்தன; மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது, பயமில்லை என்று தாங்கள் எழுத வேண்டும் என்றார்கள். எத்தனை நாளாக ஏறவில்லை என்று அவர் மறுபடி கேட்டார். ஏறக்குறைய ஆறு வாரமாக என்றார்கள். அக் கொலைகள் நடந்தும் சரியாக ஆறு வாரமாயிற்றே என்று அவர் சுட்டிக் காட்டினார். வந்தவர்கள் உண்மையாகவே திகைத்துப் போனார்கள். அதற்கும் டிராம் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம், இது வடக்கத்தி முதலாளிகளுடைய கம்பெனியாயிற்றே என்றார்கள். முதல் வடக்கத்தியாருடையதாயினும் நடத்துகிறவர்கள் இவ்வூரார் அல்லவா என்று அவர் திருப்பினார்.

இந்த இருவரையும் நாம் பாதகர்கள் என்று சொல்லமாட்டோம். அவர்கள் கொலைக் கும்பலில் சேர்ந்திருந்ததாகவும் வரலாறு இல்லை. மூவர் கொல்லப்பட்ட ஊரில், அவ்வினத்தார் வண்டி ஏறாததற்குக் காரணம் மின்சாரமே என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். கும்பலிலிருந்தவர்களைக் காட்டிலும் இந்த இருவரின் அறியாமையே அம்மையாருக்கு அதிகமாகப் பாடம் கற்பித்திருக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். அவர்களோடு நடந்த சம்பாஷணையை அப்படியே அடுத்த இதழில் அச்சிட்டார். மாதாகோயில்களுக்கும் நேரிற் சென்று, வண்டி ஏறாதிருக்கும் விரதத்தை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கும்பற் கொலைகளுக்கு வெள்ளையர் கூறிவந்த நியாயம் ஒன்றுதான்: தங்கள் பெண்களின் மானத்தைக் காப்பதற்காகவே இதைச் செய்கிறோம் என்பது. ஐடாவும் ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருக்குமென்றே எண்ணியிருந்தார். நண்பர் மாஸ் செய்த குற்றம் மளிகைக் கடை வைத்ததே என்று கண்டபின், மற்றக் கொலைகளையும் ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். மே மாதத்தில், அந்தப் பழைய பொய்யை இனி ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று குறிப்பாக ஒரு தலையங்கம் எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த சமயம் ஒரு கும்பல் வந்து அச்சுக்கூடத்தை அழித்தது. திரும்பி வந்தால் உயிர் தப்பாது என்று செய்தி வந்தது. அதன் பிறகு 30 ஆண்டுகளாகத் தெற்கே அவர் காலடி வைக்க இயலவில்லை.

1892இல் நியூயார்க்கிலிருந்தபடியே ஒரு சிறு நூலும், 1895இல் அதனினும் விரிவான ஒரு நூலும் வெளியிட்டார். அவருடைய முறை மிகவும் சாமர்த்தியமானது. கறுப்பர் சொல்லும் சாட்சியை வெள்ளையர் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சிக்காகோ ட்ரிப்யூன் என்னும் வெள்ளையர் பத்திரிகை வருஷந்தோறும் வெளியிட்ட பட்டியல்களையே எடுத்துக் கணக்கிட்டார். முதல் நூலில் அவர் ஆராய்ந்த 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்மேல்தான் அந்தக் குற்றம் சாட்டவாவது பட்டிருந்தது. மற்றவர்கள் கடன் தகராறு, வாய்ச்சண்டை, அற்பத் திருட்டு ஆகிய காரணங்களுக்காகக் கொல்லப்பட்டவர்கள். காரணமே கூறப்படாதவர்களும் உண்டு. இப்புள்ளி விவரங்கள் எல்லாம் வெள்ளையர் வீட்டுக் காலை மேஜையில் ஆண்டாண்டாக விரிந்து கிடந்தவையே. படித்தவர்கள் பலர், கூட்டிப் பார்த்தவர் இல்லை.

1893இலும் 1894இலும் அம்மையார் பிரிட்டனுக்குச் சென்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். அவரை அழைத்தவர்களில் ஒருவர் காதரின் இம்பே என்னும் குவேக்கர் மாது. அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் ஆன்ட்டி காஸ்ட். அதாவது ஜாதி எதிர்ப்பு. நிறத்தால் மனிதரைப் பிரிக்கும் கொடுமைக்குப் பெயரிட வேண்டியபோது, நம் நாட்டு வழக்கத்தைக் குறிக்கும் சொல்லே அவருக்குப் பொருத்தமாகத் தோன்றிற்று. இதில் நாம் பெருமை கொள்ள இடமில்லை.

இம்பே அம்மையாரோடு சேர்ந்து உழைத்தவர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து இஸபெல்லா மேயோ. கீழ்நாட்டு வாலிபர்களைத் தம் வீட்டிலேயே வைத்து ஆதரித்த பரோபகாரி. அப்படி ஆதரவு பெற்றவர்களில் இலங்கையிலிருந்து வந்து அங்கே கல்வி கற்ற ஜார்ஜ் ஃபெர்டினான்ட்ஸ் என்பவரும் ஒருவர். இம்பே அம்மையார் அவரிடம் அன்பு கொண்டு, மணந்துகொள்ளும் விருப்பத்தைக் கடிதத்தில் தெரிவித்தார். கடிதம் மேயோவின் கைக்குப் போயிற்று. சகோதரத்துவம் பேசி வந்த அந்தச் சீமாட்டி கடுங்கோபம் கொண்டார். இம்பேயை இயக்கத்திலிருந்தே விலக்க வேண்டும் என்றும், ஐடாவும் கண்டிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஒரு பெண் தன் உள்ளத்தை வெளியிட்டது எவ்வாறு குற்றமாகும் என்று ஐடாவுக்கு விளங்கவில்லை, கண்டிக்க மறுத்தார். மேயோவின் தயவு அன்றோடு போயிற்று.

இரண்டாவது யாத்திரையில் இதைவிடப் பெரிய சச்சரவு எழுந்தது. கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவியான ஃபிரான்ஸஸ் வில்லர்ட் அம்மையார் அக்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர். இங்கிலாந்தில் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். கும்பற் கொலையைப் பற்றி அவர் என்ன சொல்லுகிறார் என்று கூட்டங்களில் ஐடாவைக் கேட்டார்கள். ஐடா பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் படித்தார். 1890இல் தெற்கே சுற்றுப் பிரயாணம் செய்த வில்லர்ட், கறுப்பர் கட்டுமீறிப் பெருகுவதாகவும், சாராயக் கடையே அவர்களுடைய பலமென்றும், அவர்களால் வெள்ளைப் பெண்களும் குழந்தைகளும் அஞ்சி வாழ்வதாகவும் அதில் பேட்டி கொடுத்திருந்தார். தெற்கே அவருடைய சங்கத்தின் கிளைகள் நிறம் பிரித்தே நடந்தன. வில்லர்ட் இதற்குச் சமாதானமாகத் தாம் அடிமை ஒழிப்புக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதை எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது பொய்யன்று. தம்முடைய குலம் தூயதாகையால் தம் வாக்கில் விஷம் இருக்க முடியாது என்று அவர் மெய்யாகவே நம்பினார். அதனால்தான் அவரோடு வாதிடுவது மிகவும் கடினமாயிருந்தது.

1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியை நம்மவர் மறக்கமாட்டார்கள். சென்னை வாலிபர்கள் வழிச்செலவுக்குப் பணம் திரட்டி அனுப்ப, சுவாமி விவேகானந்தர் அதையொட்டிய சர்வமத மகாசபையில் பேசிப் புகழ்பெற்றார். அதே கண்காட்சியின் ஏற்பாட்டில் அந்நாட்டுக் கறுப்பருக்குத் தக்க இடமில்லை. ஹெயிட்டித் தீவின் மண்டபத்தில் முதியவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் அமர்ந்திருந்தார். அங்கிருந்துகொண்டு ஐடா, கறுப்பு அமெரிக்கர் ஏன் இங்கே இல்லை என்று விளக்கும் சிறு புத்தகத்தை வந்தவர்களுக்கு வழங்கினார். 10,000 பிரதிகள் செலவாயின. அதில் எழுதியவர்களில் ஒருவரான வக்கீல் ஃபெர்டினான்ட் பார்னெட்டை 1895இல் மணந்து சிக்காகோவிலேயே குடியிருந்தார். நான்கு மக்கள் பிறந்தனர். கைக்குழந்தையோடும் பிரசங்கத்துக்குப் போனார்.

வடக்கே நிறபேதம் இல்லையென்று வடக்கத்தியார் எண்ணினார்கள். 1900ஐ ஒட்டி, பள்ளிக்கூடங்களை நிறவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று சிக்காகோ ட்ரிப்யூன் கட்டுரைகள் வெளியிடலாயிற்று. பெற்றோர், ஆசிரியர் பலரை விசாரித்த அப்பத்திரிகை கறுப்பர் ஒருவரையும் கேட்கவில்லை. ஐடா எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நேரிற் சென்றார். ஆசிரியர் அவரை ஏறெடுத்துப் பார்த்ததும், ஏதோ மாதாகோயிலுக்கு நன்கொடை கேட்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். கறுப்பு மாது தம் அறைக்கு வருவதற்கு வேறு முகாந்திரம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஐடா அங்கிருந்து ஜேன் ஆடம்ஸ் அம்மையாரிடம் போனார். ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் என்னும் நிலையத்தை நடத்திய அவர், நகரத்துப் பிரமுகர்களைக் கூட்டித் தூது அனுப்பினார், கட்டுரைகள் நின்றன.

இதே ஜேன் ஆடம்ஸ் 1901இல் கும்பற் கொலையைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். கொல்லப்படுகிறவர்கள் அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சட்டத்தை மீறிக் கொல்வது தகாது என்பது அவர் வாதம். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். சில மாதங்களில் ஐடா அதே பத்திரிகையில் மிக்க மரியாதையோடு மறுமொழி கூறினார். அப்படி வைத்துக்கொள்வதே இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று எடுத்துரைத்து, மறுபடியும் ட்ரிப்யூனின் பட்டியல்களையே முன்வைத்தார். பகைவரை மறுப்பதற்கு வேண்டிய துணிவு ஒன்று. உதவி செய்த சிநேகிதியை மறுப்பதற்கு வேண்டிய துணிவு வேறு. இரண்டாவதே அரிதென்று நமக்குத் தோன்றுகிறது.

1909இல் இல்லினாய் ராஜ்யத்து கெய்ரோ என்ற ஊரில் கைதி ஒருவரைக் கும்பலுக்குப் பறிகொடுத்த ஷெரீப் தம் பதவியைத் திரும்பப் பெற முயன்றார். அவ்வூர்க் கறுப்பர் சிலரே அவருக்காகச் சிபாரிசு செய்திருந்தனர். ஐடா அவ்வூருக்குப் போய் ஜனங்களைக் கூட்டிப் பேசி, கவர்னர் முன் தாமே வாதாடினார். ஷெரீப்புக்குப் பதவி கிடைக்கவில்லை.

1913 மார்ச்சு 3ஆம் தேதி வாக்குரிமை கோரிய மாதர்கள் வாஷிங்டனில் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். இல்லினாய் மாதர்களோடு நடக்க வந்த ஐடாவை, தெற்கத்தியார் மனம் நோகும் என்று சொல்லிக் கடைசியில் கறுப்பு மாதர் வரிசையில் நடக்கும்படி கூறினர். உரிமைக்காகப் புறப்பட்ட ஊர்வலத்தில் இதில் தவறிருப்பதாகத் தலைவியர்க்குத் தோன்றவில்லை. ஐடா வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு மறைந்தார். ஊர்வலம் நகர்ந்தபோது வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு, தம் ராஜ்யத்து வரிசையிலேயே புகுந்து நடந்தார். இரு வெள்ளைத் தோழியர் இருபக்கமும் அணைந்து வந்தனர். கண்ணுள்ளவர்களும் சிலர் இருந்தனர் என்பதை மறைக்கலாகாது.

1917இல் ஹூஸ்டன் நகரத்துக் கலகத்துக்காகக் கறுப்புச் சிப்பாய்கள் 13 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் நினைவாக அவர் சட்டைப் பொத்தான் வில்லைகள் செய்து வழங்கினார். சர்க்கார் ஆட்கள் வந்து ராஜத்துரோகம் என்று பயமுறுத்தியும் வில்லைகளைக் கொடுக்க மறுத்தார். அச் சிப்பாய்கள்மேல் விதித்த தீர்ப்புகளை அமெரிக்க ராணுவம் ரத்து செய்தது 2023இல். கும்பற் கொலையைத் தனிக் குற்றமாக்கும் தேசியச் சட்டம் நிறைவேறியது 2022இல். அம்மையாருடைய பத்திரிகைப் பணிக்குப் புலிட்ஸர் குழுவார் விசேஷப் பாராட்டு அளித்தது 2020இல்.

முதுமையில் ஒரு வாலிபப் பெண் அவரிடம் வந்து, தாங்கள் என்ன செய்தீர்கள் என்று அறியாமலே தங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன், யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது என்று கேட்டாள். அப்பெண்ணும் கறுப்பினத்தவளே. அதன் பிறகே அவர் தம் சுயசரிதையை எழுத முனைந்தார். 1930இல் ராஜ்யத்தின் செனெட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1931 மார்ச்சு 25ஆம் தேதி சிக்காகோவில் காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதி ஒரு வாக்கியத்தின் நடுவிலே நின்றுபோயிருந்தது. மகள் ஆல்ஃப்ரெடா அதைக் காப்பாற்றி வைத்திருந்து பதிப்பித்தார். 1970இல்தான் அது அச்சேறியது.